தைலத்துக்கு மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்

குற்றாலம் சீசன் தொடங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இடுப்பில் வெந்நீர்ப் பையின் அச்சோடு பிசியோதெரபிக்கு என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். சட்டையைத் தூக்கச் சொன்னேன். ரப்பர் பையில் வரிவரியாக இருக்குமே, அந்த வரி அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது; நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு கொப்புளம்.

"எண்ணெய் மசாஜ் பண்ணேன் சார். மறுநாள் வலி கூடிட்டு. தைலம் தேச்சு ஒத்தடம் கொடுத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அப்படியே தூங்கிட்டேன்."

தைலத்தில் இருக்கும் மென்தாலும் கற்பூரமும் தோலுக்குச் சூடு தெரியாமல் செய்துவிடும். வெந்துபோவது தெரியாமலே படுத்திருப்பீர்கள். ஒன்று தைலம், இல்லையென்றால் ஒத்தடம். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் காலுக்கு ஒத்தடம் பக்கமே போகாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைலத்தை அள்ளிப் பூசக் கூடாது. அழுத்திப் பிடிக்கும் மசாஜுக்கும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

சரி, மறுநாள் வலி கூடியதும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் இந்தப் பிசியோதெரபி வேலையில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது: "வலிச்சா நல்லதுதான சார், கெட்ட நீரெல்லாம் இறங்குதுல்லா."

இறங்கவில்லை. கெட்ட நீர் என்று சதைக்குள் எதுவும் தேங்கி நிற்கவில்லை. உடம்பின் கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன; மசாஜ் செய்பவரின் கட்டைவிரலுக்கு அந்த வேலை கிடையாது. படித்தவர்கள் இதையே 'லாக்டிக் ஆசிட்' என்று சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலம் சுமார் ஒரு மணி நேரத்தில் தானாகவே கரைந்துவிடும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. பயிற்சி முடிந்த கையைப் பிசைந்துவிட்டபோது சதைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, அமிலம் வெளியேறுவது தாமதமாகத்தான் ஆனது. தோளில் நீலம் பூத்திருந்தால் 'கெட்ட ரத்தம் வெளியே வருது' என்கிறார்கள். அது சின்னக் குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த உங்கள் நல்ல ரத்தம்! அதனால் கழிவை அடித்துக்கொண்டு போக நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டாம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

அழுத்திப் பிடித்திருந்தால் ஒன்றிரண்டு நாள் தொட்டால் வலிக்கும். மூன்றாம் நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், விரல் மரத்துப்போனால், சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் உடனே டாக்டரிடம் போங்கள். கழுத்தைச் சொடக்கு எடுத்த பிறகு தலைசுற்றலோ, பார்வை இரட்டையாவதோ, பேச்சுக் குழறலோ வந்தால் என்னிடம் வரக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

மசாஜ் முடிந்ததும் விருட்டென்று எழாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி உட்கார்ந்து, இரண்டு நிமிடம் கழித்து எழுந்திருங்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். உள்ளங்கால் எண்ணெயைத் துண்டால் அழுத்தித் துடைத்த பிறகுதான் தரையில் கால் வைக்க வேண்டும். சென்ற சீசனில் ஒரு பாட்டி எண்ணெய்க் காலோடு லாட்ஜ் பாத்ரூமுக்குள் போனார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, ஐந்து மாதம் நான்தான் நடக்கப் பழக்கினேன். எண்ணெய்ப் பிசுக்கோடு நேராகப் பேரருவிப் பாறையில் ஏறும் தம்பிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். அன்று மாலையே ஜிம்முக்குப் போவது, கேஸ் சிலிண்டரைத் தூக்குவது எல்லாம் மறுநாளுக்கு இருக்கட்டும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதை நீவவே நீவாதீர்கள். மாவுக்கட்டு பிரித்த கால், பல நாள் படுக்கையில் இருந்தவரின் கால் என்றால் இன்னும் கவனம். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். டெல்லியில் ஒரு தாய், அடிபட்ட மகனின் காலை எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டார். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்ப் பையன் இறந்தே போனான். வீட்டுக்கு வீடு அம்மாக்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

கொப்புளக்காரர் கிளம்பும்போது, "இதுக்கு மேல என்ன தடவட்டும் சார்?" என்றார். ஒன்றும் தடவ வேண்டாம். பற்பசை வேண்டாம், மஞ்சள் வேண்டாம், கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். சுட்ட உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டியிருக்கலாம், அந்த நேரம் போய்விட்டது. சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினேன். பையில் அந்தத் தைலப் புட்டி இன்னும் இருந்தது. வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டேன்.