பிள்ளையைக் கேட்காமல் கண்ணை அளப்பது எப்படி?

எட்டாம் வகுப்பில் என்னோடு பஸ்ஸுக்கு நிற்கும் நண்பன், வண்டி வளைவில் திரும்பியதுமே "நம்ம பஸ் இல்லடா" என்று சொல்லிவிடுவான். எனக்கு அது நெற்றியில் ஏதோ வெள்ளையாக ஒட்டிய ஒரு பெட்டி, அவ்வளவுதான். பஸ் நேரமெல்லாம் அவனுக்கு மனப்பாடம் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அவன் சும்மா பலகையைப் படித்துத்தான் சொல்லியிருக்கிறான் என்பது எனக்குக் கண்ணாடி வந்த பிறகே தெரிந்தது.

பார்வை மங்கலான பிள்ளை புகார் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் இன்னொரு ஜோடிக் கண் கிடையாது. உலகமே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். கரும்பலகை தெரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். வீட்டில் "படிப்பு ஏறல" என்பார்கள். பெரியவர்களுக்கான கண் முகாம் என்றால் ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றிவந்தால் போதும், புரை விழுந்த தாத்தா தானாக வந்து வரிசையில் உட்காருவார். பிள்ளைகளிடம் அது பலிக்காது. அதனால் முகாம் வண்டியேறிப் பள்ளிக்கூடத்துக்கே போகிறது. போன இடத்திலும், பிள்ளை சொல்வதை முழுசாக நம்பாமல் கண்ணை அளக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் கையாள்கிறது.

ஐநூறு பிள்ளைகளை ஒரே நாளில் டாக்டர் பார்ப்பது நடக்காத காரியம். முதலில் சலிக்க வேண்டும். அந்தச் சல்லடை பெரும்பாலும் வகுப்பு டீச்சர்தான். அரை நாள் பயிற்சி, ஒரு ஆறு மீட்டர் டேப், இங்கிலீஷ் 'ஈ' எழுத்து அச்சடித்த ஓர் அட்டை. வராந்தாவில் சாக்பீஸால் கோடு கிழித்து அட்டையைப் பிடித்தால் சோதனைச்சாலை தயார். 'ஈ'யின் மூன்று கால்களும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பிள்ளை விரலால் காட்டினால் போதும், எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் வகுத்த கணக்கு இதற்குள் இருக்கிறது. நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் உள்ள இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். எழுத்தின் ஒவ்வொரு காலும் அந்தக் கோணத்துக்கு வருகிற மாதிரி, மொத்த எழுத்து அதைப்போல் ஐந்து மடங்கு இருக்கிற மாதிரி வரைய வேண்டும். 6/9 என்ற வரியின் எழுத்து சுமார் 13 மில்லிமீட்டர் உயரம். நல்ல கண் ஒன்பது மீட்டரிலேயே படித்துவிடும் அந்த எழுத்தை ஆறு மீட்டரில் நின்றும் படிக்க முடியாத பிள்ளை அடுத்த கட்டத்துக்குப் போகும்.

பிள்ளைகள் இதைப் பரீட்சை என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். பரீட்சை என்றால் பாஸாக வேண்டுமே! விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். வரிசையில் நிற்கும் தோழி மெதுவாக "மேல... மேல" என்பாள். முன்னால் போனவன் விடைகளை ஒப்பித்துவிட்டுப் போவான். ஒப்பித்த விடைக்குப் பதில் அட்டையிலேயே இருக்கிறது: சுற்றிப் பிடித்தால் வேறு விடை. ஒரு தடவை குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கு தடவையும் அப்படியே சொல்ல 256-இல் ஒன்றுதான். கண்ணை விரலால் மூடாமல் உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்வது எட்டிப் பார்ப்பதைத் தடுக்க. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அழுத்தி மூடிய கண்ணைத் திறந்ததும் கொஞ்ச நேரம் கலங்கலாகத்தான் தெரியும்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளையையும் டீச்சர் கவனிக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் நுழையும் வாசல் சிறிதாகிறது, மங்கல் குறைகிறது. இதே தந்திரத்தை முகாம்காரர்களும் வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு ஓட்டை போட்ட கறுப்பு அட்டையைக் கண் முன்னால் பிடிப்பார்கள். அதன் வழியாக எழுத்து தெளிந்தால் கோளாறு ஒளி குவிவதில் இருக்கிறது, கண்ணாடி போட்டால் தீரும். தெளியவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது, டாக்டர் பார்த்தாக வேண்டும். ஓட்டை போட்ட அட்டை செய்யும் வேலைக்கு இது பெரிய வேலைதான்.

சலித்து எடுத்த பிள்ளைகளுக்காகத்தான் வண்டி வருகிறது. வண்டிகளில் பல ரகம் உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா 2003-இலிருந்து செயற்கைக்கோள் இணைப்புள்ள வேன்களை ஊர்களுக்கு அனுப்பியது. வேனில் எடுத்த படத்தைச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆனால் பள்ளி முகாமுக்குப் பல ஊர்களில் வருவது சாதாரண வேன்தான். நாலைந்து பெட்டிகள் இறங்கும். ஒரு வகுப்பறையின் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் வெளிச்சம் வந்தால் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்குவார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள், கல்லூரி மாணவர்கள், லயன்ஸ், ரோட்டரி சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் பெயர் எழுதுவார், ஒருவர் வரிசையை ஒழுங்குபடுத்துவார், ஒருவர் சொட்டு மருந்து போட்ட நேரத்தைக் குறித்துவைப்பார். லயன்ஸ்காரர்களுக்குக் கண் விஷயத்தில் நூறு வருடப் பழக்கம். 1925-இல் அமெரிக்காவில் நடந்த அவர்கள் மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து பார்வைப் பணி அவர்களோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் தொண்டர்கள் கண்ணை அளப்பதில்லை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த இளம்பெண்கள்.

இருட்டறைக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 'இதுல நல்லா தெரியுதா, அதுல நல்லா தெரியுதா' என்று மாற்றி மாற்றிக் கேட்பதைக் கண்ணாடிக் கடையில் பார்த்திருப்பீர்கள். எட்டு வயதுப் பிள்ளை நாலாவது கேள்வியிலேயே சலித்துப்போய், கேட்பவர் மனம் கோணாமல் "ஆமா" என்று சொல்ல ஆரம்பித்துவிடும். ரெட்டினாஸ்கோப்புக்கு அந்தப் பேச்சே தேவையில்லை. டார்ச் மாதிரி கைக்கு அடக்கமான, பேட்டரியில் ஓடும் கருவி. கரண்ட் போனாலும் கவலையில்லை. மெல்லிய கோடாக ஒளியைப் பாய்ச்சும். அந்த ஒளி பிள்ளையின் விழித்திரையில் பட்டுத் திரும்பும்போது, கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டமான பாப்பா செந்நிறமாக மின்னும், பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண் சிவப்பாக விழுமே, அதே மாதிரி. ஒளிக்கோட்டை மெதுவாக அசைத்தால் அந்த மினுக்கமும் அசையும். கூடவே அசைந்தால் ஒரு கதை, எதிர்த்திசையில் ஓடினால் வேறு கதை. கிட்டப்பார்வை உள்ள கண்ணில், பவர் குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருந்தால், மினுக்கம் எதிர்த்து ஓடும்.

இப்போது கண் முன்னால் லென்ஸ்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். ஒரு லென்ஸில் மினுக்கம் எந்தப் பக்கமும் ஓடாமல் பாப்பா முழுக்க ஒரே சமயத்தில் பளிச்சென்று நிறையும். அதுதான் விடை. அளப்பவர் சுமார் 67 சென்டிமீட்டர் தள்ளி, கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பதால் அதற்காக ஒன்றரை கழிக்க வேண்டும். மைனஸ் 0.5 லென்ஸில் நிறைந்தால் பிள்ளையின் பவர் மைனஸ் 2. பிரெஞ்சு ராணுவ மருத்துவர் குயிஞே 1873-இல் இந்த மினுக்க ஓட்டத்தைக் கவனித்து எழுதினார். அதற்கப்புறம் அகச்சிவப்பு ஒளியால் இரண்டு மூன்று விநாடிகளில் பவரைச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன, முகாம்களிலும் அவற்றைப் பார்க்கலாம். ஆனாலும் ரெட்டினாஸ்கோப் பழகிய கையை அவை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

மைனஸ் 2 என்றால் என்ன? ஒரு மீட்டரை இரண்டால் வகுங்கள்: அரை மீட்டர். அந்தக் கண்ணுக்கு அரை மீட்டர் வரைதான் உலகம் தெளிவு, அதற்கப்பால் எல்லாம் கலங்கல். கரும்பலகை அதற்கப்பால்தான் இருக்கிறது. இத்தனைக்கும் கண்ணில் கெட்டுப்போனது எதுவும் இல்லை. பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் நீளமிருக்கும் விழிப்பந்து வளர்ந்து 24 வாக்கில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டால் இரண்டரை முதல் மூன்று பவர் வரை ஏறிவிடும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஏ.டி.எம். கார்டின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதல்.

பிள்ளைகளின் கண்ணுக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு, அதுதான் அளப்பவரை அதிகம் ஏமாற்றுவது. அவர்கள் கண் லென்ஸ் அவ்வளவு நெகிழ்வானது. பத்து வயதுக் கண் தன் பவரைப் பத்துக்கும் மேல் கூட்டிக்கொள்ளும். கருவிக்குள் தெரியும் படத்தை ஆசையாக உற்றுப் பார்த்தாலே லென்ஸ் உப்பி, இல்லாத கிட்டப்பார்வையைக் காட்டிவிடும். தூரப்பார்வைப் பிள்ளையோ அதே சாமர்த்தியத்தால் மங்கலைச் சரிசெய்துகொண்டு ஆறு மீட்டர் சோதனையில் ஜம்மென்று பாஸாகிவிடும். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால் தலைவலி. இதைப் பிடிக்க ஒரு சின்னப் பொறி இருக்கிறது: பிளஸ் 2 லென்ஸைப் போட்டுவிட்டு அதே எழுத்தைப் படிக்கச் சொல்வது. நல்ல கண்ணுக்கு மங்க வேண்டும். மங்காவிட்டால் சந்தேகம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சைக்ளோபென்டோலேட் சொட்டு மருந்து போட்டு லென்ஸின் தசையைத் தற்காலிகமாக ஓய்வெடுக்க வைக்க வேண்டும். அதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் பிடிக்கும். பாப்பா விரிந்து, வெயிலில் கண் கூசும், கிட்டத்தில் எழுத்து கலங்கும். மறுநாள்வரைகூட இழுக்கலாம். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லாமல் இதைச் செய்துவிட்டு, சாயங்காலம் "கண்ணுல என்னத்தயோ ஊத்திட்டாங்க, புள்ளைக்கு எழுத முடியல" என்று பள்ளி வாசலில் திரளும் கூட்டத்துக்குப் பதில் சொல்ல யாருக்கும் ஆசை இருக்காது. அதனால் சந்தேகம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் சம்மதம் வாங்கித்தான் போடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஓசையில்லாமல் ஒளிந்திருப்பது சோம்பல் கண். ஒரு கண் நன்றாக இருந்து மற்றது மங்கலாக இருந்தால், மூளை நல்ல கண்ணை மட்டும் கேட்டுப் பழகிவிடுகிறது. மற்றதன் செய்தியைப் படிக்கவே அது கற்றுக்கொள்வதில்லை. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து, அந்தக் கண்ணுக்கு மூளையில் இடமே இல்லாமல் போவதைக் காட்டியவர்கள் மூளை ஆய்வாளர்கள் ஹூபலும் வீசலும். 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தப் பிள்ளை ஓடும், பந்து பிடிக்கும், இரண்டு கண்ணும் திறந்திருந்தால் பலகையையும் படிக்கும். ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதிப்பது முக்கியமாக இதற்காகத்தான். ஏழு வயதுக்குள் பிடித்தால் நல்லது. முதலில் கண்ணாடி, போதாவிட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி, சோம்பேறியை வேலைக்கு அனுப்ப வேண்டும். குறைபாடு நடுத்தரமாக இருந்தால் இரண்டு மணி நேரமே ஆறு மணி நேரத்துக்குச் சமமான பலன் தருகிறது என்று 2003-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்க்க வேண்டிய வேலை இது. ஒரு நாள் வந்துபோகும் வண்டியால் கண்டுபிடிக்க முடியும், குணப்படுத்த முடியாது.

சரி, பவர் தெரிந்துவிட்டது. கண்ணாடி? அளவு எடுத்துக்கொண்டு போய் மூன்று வாரம் கழித்து அனுப்பினால் அதற்குள் பிள்ளை மாமா வீட்டுக்குப் போயிருக்கும், அல்லது ஆர்வம் போயிருக்கும். அரவிந்த் முகாம்களில் லென்ஸை அங்கேயே அறுத்துப் பொருத்தித் தரும் வழக்கம் உண்டு. இன்னொரு வழி, ஏற்கெனவே வட்டமாக வெட்டிய லென்ஸ்களைக் கொண்டுவந்து, பிள்ளை தேர்ந்தெடுத்த பிரேமில் 'டிக்'கென்று அமுக்கிவிடுவது. பிரேம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதால் எந்த லென்ஸும் எந்தக் கண்ணுக்கும் சேரும். பார்வைச் சிதறல் (ஒளி ஒரே புள்ளியில் குவியாத கோளாறு) அதிகமுள்ளவர்களுக்கு இது சரிவராது. மற்றவர்களுக்கு? பெங்களூரு வட்டாரப் பள்ளிகளில் இந்த ஆயத்தக் கண்ணாடியையும் அளவெடுத்துச் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் கிட்டத்தட்ட நாலில் மூன்று பிள்ளைகள் கண்ணாடியோடு இருந்தார்கள்.

மிச்சம் ஒரு பங்கு எங்கே போனது என்பதுதான் இந்த வேலையின் உண்மையான தலைவலி. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தர 'கண்ணொளி காப்போம்' என்று அரசுத் திட்டமே வந்திருக்கிறது. கண்ணாடி கிடைக்கிறது, மூக்கில் நிற்பதில்லை. 'சோடாபுட்டி' என்ற ஒரு சொல் போதும், ஆயிரம் ரூபாய் லென்ஸும் பைக்குள் போய்விடும். பெண் பிள்ளை என்றால் கல்யாணக் கவலை வேறு, ஆறாம் வகுப்பிலேயே! அதனால்தான் பிரேமை டாக்டரோ டீச்சரோ எடுத்துக் கொடுக்காமல் பிள்ளையே கண்ணாடி முன் நின்று தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். இந்த மேஜையில் உட்காரும் தொண்டர்தான் முகாமிலேயே முக்கியமான ஆள் என்பது என் கட்சி.

பாட்டிமார் சொல்வது வேறு: "போட ஆரம்பிச்சா பவர் ஏறிக்கிட்டே போகும்." ஏறுவது உண்மைதான். பிள்ளை வளர்கிறது, விழிப்பந்தும் வளர்கிறது, பவரும் ஏறுகிறது. சட்டை போட்டதால் பிள்ளை உயரமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மலேசியாவில் வேண்டுமென்றே 0.75 குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான முடிவில், அந்தப் பிள்ளைகளுக்குப் பவர் ஏறும் வேகம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. கிட்டப்பார்வை வருவதையே தள்ளிப்போட உதவுவது வெளி வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5. பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு வாத்தியார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நன்றாக நடத்தும் முகாம்களுக்கு இன்னொரு வருகையும் உண்டு. மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கு மட்டும் எல்லார் மூக்கிலும் கண்ணாடி ஏறிவிடும். வகுப்பு வகுப்பாகப் போய் மூக்கில் எத்தனை, பையில் எத்தனை, வீட்டில் எத்தனை, உடைந்தது எத்தனை என்று எண்ணுவார்கள். அன்றைக்குக் கொண்டுவரும் பெட்டியில் ரெட்டினாஸ்கோப் இருக்காது. சின்ன ஸ்க்ரூடிரைவர், ஒரு டப்பா நிறைய திருகாணி, மூக்கில் பதியும் ரப்பர் துண்டுகள் இருக்கும். 'போடவில்லை' என்று சொல்லும் பிள்ளையிடம் பையைத் திறந்து காட்டச் சொன்னால், பல சமயம் உள்ளே ஒரு காது கழன்ற கண்ணாடி நோட்டுக்கு நடுவே பத்திரமாக இருக்கும்.