டெர்மினலில் குப்பைத்தொட்டி இல்லை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாமல், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போட்டு ஓட்டுவது நல்ல முடிவு. அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்ததால், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று செட்டிநாட்டு ஊர்களில் ஒரு சாதாரண கம்ப்யூட்டருக்குள் என்னவெல்லாம் கிடக்கிறது என்று பாருங்கள். ஸ்டூடியோவில் இன்னும் ஆல்பம் போடாத கல்யாணப் படங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் அச்சுகளின் டிசைன்கள். வீட்டில் ஸ்கேன் செய்து வைத்த இசைகுடிமானம், முறைச்சிட்டை, பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற (வட்டித்தொழில் செய்த) காலத்துப் பேரேடு. காகிதம் கரையான் அரித்துப் போயிருந்தால் அந்த ஸ்கேன்தான் மூலம். இதையெல்லாம் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில், டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து, வீடியோவில் பார்த்த கட்டளையை அப்படியே தட்டி என்டர் கொடுப்பதுதான் ஆபத்து.

டெர்மினலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அழிக்கக்கூடிய பல கட்டளைகளுக்கு, எதையும் தொடாமல் பார்த்து மட்டும் சொல்கிற இன்னொரு கட்டளை உண்டு. முதலில் அதைத் தட்டுங்கள், பிறகு இதை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

(கட்டளைகளின் பெயரை இங்கே ஒலிக்கும்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ‘மைனஸ்’ என்பது ஓர் இடைவெளி விட்டு, எழுத்துக்கு முன்னால் ஒட்டிப் போடும் சிறு கோடு. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு.)

ஆர்எம்: ஓர் இடைவெளி போதும்

ஃபைல் மேனேஜரில் டெலீட் அழுத்தினால் ஃபைல் குப்பைத்தொட்டிக்குப் போகும். ‘ஆர்எம்’ கட்டளைக்கு அந்த வழக்கம் கிடையாது. ஃபைலின் பெயரை ஃபோல்டரின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தைக் காலி என்று குறித்துவிடும். கேள்வி கேட்காது. வேலை முடிந்ததும் ஒரு வரிகூடச் சொல்லாது.

அதிகம் நடக்கும் விபத்து இது. ‘ஐந்தொகை’ என்று ஒரு ஃபோல்டர். அதன் பழைய நகலாக ‘ஐந்தொகை பழசு’ என்று இன்னொன்று. பழசை அழிக்க நினைத்து ‘ஆர்எம் மைனஸ் ஆர் ஐந்தொகை பழசு’ என்று தட்டுகிறார்கள். நாம் தட்டும் வரியைப் படித்துக் கட்டளையிடம் கொடுக்கும் நிரலான ஷெல், இடைவெளியைக் கண்ட இடத்தில் வெட்டும். ஆகவே ஆர்எம் கையில் போய்ச் சேர்வது இரண்டு பெயர்கள்: ‘ஐந்தொகை’, ‘பழசு’. முதல் பெயரில் உண்மையான ஃபோல்டர் இருக்கிறது, அது போய்விடும். இரண்டாவது பெயரில் எதுவும் இல்லை. ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று திட்டு வரும். திட்டைப் பார்த்தவர் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். அழிய வேண்டியது இருக்கிறது, இருக்க வேண்டியது அழிந்துவிட்டது.

நட்சத்திரக் குறியும் அப்படியே. ‘*.ஜேபிஜி’ என்றால் ஜேபிஜி படங்கள் மட்டும். கை தவறி நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால், நட்சத்திரம் தனியாக நின்று அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் குறிக்கும்.

இதற்குப் பார்க்கும் கட்டளை ‘எல்எஸ் மைனஸ் டி’. ஆர்எம்முக்குக் கொடுக்கப்போகும் பெயர்களை அப்படியே முதலில் இதற்குக் கொடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் ‘ஐந்தொகை’ என்று ஒரு வரியும், ‘பழசு’ இல்லை என்று ஒரு வரியும் வரும்; தப்பு அங்கேயே தெரிந்துவிடும். வந்த பட்டியல் சரியாக இருந்தால், மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஹோம் சாவியால் வரியின் தொடக்கத்துக்குப் போய் ‘எல்எஸ் மைனஸ் டி’ என்பதை மட்டும் ‘ஆர்எம்’ என்று மாற்றுங்கள். ஃபோல்டர் என்றால் ‘ஆர்எம் மைனஸ் ஆர்’. பெயரை இரண்டாம் முறை தட்டவே கூடாது. தட்டினால் பார்த்தது ஒன்று, அழித்தது வேறொன்று என்று ஆகிவிடும்.

இடைவெளி உள்ள பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதைவிட நல்லது, முதல் மூன்று நான்கு எழுத்தைத் தட்டிவிட்டு டேப் சாவியை அழுத்துவது. மீதிப் பெயரை ஷெல்லே சரியான குறிகளோடு நிரப்பும். நிரப்பவில்லை என்றால் நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள், அல்லது அதே தொடக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எங்கே நிற்கிறோம் என்று தெரிய ‘பிடபிள்யூடி’ என்று மூன்று எழுத்து தட்டினால் போதும்.

ஆர்எம்மோடு ‘மைனஸ் ஐ’ சேர்த்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்கும். முந்நூறு படத்துக்கு யாரும் பொறுமையாகப் பதில் சொல்ல மாட்டார்கள். அதே எழுத்தைப் பெரிய எழுத்தில் கொடுத்தால், மூன்றுக்கு மேல் அழிக்கும்போதும் ஃபோல்டரை அழிக்கும்போதும் ஒரே ஒரு தடவை கேட்கும். அது நடைமுறைக்கு ஒத்துவரும். ‘மைனஸ் எஃப்’ நேர் எதிர்: கேள்வியை அடக்கிவிடும். கற்றுக்கொள்கிற காலத்தில் ‘ஆர்எஃப்’ என்று சேர்த்துத் தட்டும் பழக்கமே வேண்டாம்.

உபுண்டு, மின்ட் இரண்டிலும் ‘ஜியோ ட்ராஷ்’ (gio trash) என்ற கட்டளை இருக்கிறது. அது குப்பைத்தொட்டிக்கே அனுப்பும். கடைப் பையன்களுக்குச் சொல்லித் தரும்போது ஆர்எம்முக்கு முன்னால் இதைச் சொல்லித் தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒரு சிறு விஷயம்: பென்டிரைவில் இருக்கும் ஃபைலை இப்படித் தள்ளினால், அந்தப் பென்டிரைவுக்குள்ளேயே மறைந்த ஃபோல்டராக அது உட்கார்ந்திருக்கும். இடம் காலியாகாது.

நகர்த்தும்போதும் அழியும்

‘சிபி’ நகலெடுக்கும், ‘எம்வி’ நகர்த்தும். இரண்டும் பாவப்பட்டவை போலத் தெரியும். போகிற இடத்தில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் சத்தமில்லாமல் அதன்மேல் எழுதிவிடும். இரண்டு கேமராவும் ஒரே எண்ணில் படத்துக்குப் பெயர் வைப்பது ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு மெமரி கார்டை ஒரே ஃபோல்டரில் கொட்டினால், முகூர்த்தப் படத்தின்மேல் பந்திப் படம் ஏறிவிடும். ‘மைனஸ் ஐ’ சேருங்கள். மேலெழுதும் முன் கேட்கும்.

எம்வியில் இன்னொரு பள்ளம். ஃபோல்டரில் இரண்டே இரண்டு படங்கள் இருக்க, எங்கே நகர்த்துவது என்று எழுத மறந்து ‘எம்வி *.ஜேபிஜி’ என்று மட்டும் தட்டினால், முதல் படத்துக்கு இரண்டாம் படத்தின் பெயரைக் கொடு என்று அது புரிந்துகொள்ளும். இரண்டாம் படம் போய்விடும். சேர வேண்டிய ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் எப்போதும் ஒரு சாய்கோடு (/) போடுங்கள். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாவிட்டால் கட்டளை நின்றுவிடும்.

‘>’ குறியும் மேலெழுதுகிற சாதிதான். கட்டளையின் பதிலைத் திரையில் காட்டாமல் ஒரு ஃபைலுக்குள் அனுப்புவது அது. ஒரு குறி போட்டால் பழையது காலியாகிப் புதியது வரும். இரண்டு போட்டால் கடைசியில் சேரும். ஒரு பட்டியலை ‘சார்ட்’ கட்டளையால் வரிசைப்படுத்தி அதே ஃபைலுக்குள் திருப்பி விட்டால் ஃபைல் வெறுமையாகிவிடும். சார்ட் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே ஷெல் அந்த ஃபைலைத் துடைத்து வைத்துவிடுவதுதான் காரணம்.

வாடிக்கையாளருக்குப் பென்டிரைவில் வீடியோ கொடுக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்குப் பெரிய ஒற்றை ஃபைல் ஏறாது, இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டாக மாற்ற வேண்டும். அடுத்து, சிபி முடிந்து கட்டளை வரி திரும்பி வந்துவிட்டது என்பதற்காகப் பிடுங்கக் கூடாது. லினக்ஸ் முதலில் மெமரியில் வாங்கிவைத்துப் பிறகுதான் மெதுவாகப் பென்டிரைவில் எழுதும். ‘சிங்க்’ (sync) என்று தட்டுங்கள். எழுதி முடியும்வரை அது காத்திருக்கும். அது திரும்பியதும் ஃபைல் மேனேஜரில் எஜெக்ட் கொடுத்து எடுங்கள்.

எந்த டிஸ்க், எந்தப் பக்கம்

லினக்ஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் செய்ய டிஸ்க்கின்மேல் நேரடியாக எழுதும் ‘டிடி’ கட்டளையைச் சொல்லித் தரும் வீடியோக்கள் ஏராளம். எழுத வேண்டிய இடத்துக்கு ‘எஸ்டிஏ’ அல்லது ‘எஸ்டிபி’ என்று ஒரு பெயர் கொடுப்பார்கள். அது அவர்கள் கம்ப்யூட்டரின் பெயர். சாட்டா என்ற பழைய இணைப்பு முறை டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் எஸ்டிஏ என்பது பெரும்பாலும் உங்கள் உள் டிஸ்க். என்விஎம்இ என்ற புது முறை டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அதே எஸ்டிஏ உங்கள் பென்டிரைவாக இருக்கலாம். பார்க்கும் கட்டளை ‘எல்எஸ்பிஎல்கே’. பென்டிரைவைச் செருகும் முன் ஒரு தடவை, செருகியபின் ஒரு தடவை தட்டி, புதிதாக வந்த வரி எது, அதன் கொள்ளளவு என்ன என்று ஒப்பிடுங்கள். உண்மையில் இந்த ஒரு வேலைக்கு டெர்மினலே தேவையில்லை. மின்ட்டிலும் உபுண்டுவிலும் இதற்கென்றே மவுஸால் செய்யும் கருவி இருக்கிறது. பென்டிரைவை மட்டும் காட்டும் கருவி இருக்கும்போது டிடியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பேக்கப்புக்கு ‘ஆர்சிங்க்’ (rsync) மிக நல்ல கட்டளை. ‘மைனஸ் ஏவி’யோடு ‘என்’ என்ற எழுத்தையும் சேர்த்தால் எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் தரும். அதைப் படித்த பிறகு ‘என்’ எழுத்தை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டால் உள்ளே உள்ளவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போகும். ‘டெலீட்’ என்ற சேர்க்கையைப் போடும்போது மட்டும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். மூலத்தில் இல்லாததை எல்லாம் அது பேக்கப்பிலிருந்தும் எடுத்துவிடும். மூலமும் பேக்கப்பும் இடம் மாறி, காலியான புது டிஸ்க் மூலமாக நின்றால், நிரம்பியிருக்கும் டிஸ்க் துடைக்கப்படும்.

சூடோ, ஒட்டுதல், மின்வெட்டு

ஒரு கட்டளையை நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு ஓட்ட அதன் முன்னால் போடுவது ‘சூடோ’ (sudo). போட்டதும் பாஸ்வேர்டு கேட்கும். தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராமல் இருக்கலாம். கீபோர்டு கெடவில்லை, தட்டி முடித்து என்டர் கொடுங்கள். அதன்பின் உபுண்டுவில் 15 நிமிடம் அதே டெர்மினலில் மறுபடி கேட்காது. அந்த நேரத்தில் ஒட்டுகிற எந்தச் சூடோ கட்டளையும் தடையில்லாமல் முழு அதிகாரத்தோடு ஓடும்.

ஃபைல் திறக்கவில்லை என்றால், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் ‘சிஎச்மோட் 777’ (chmod 777) போடச் சொல்வார்கள். பல நேரம் காரணம், முன்பு சூடோ போட்டு நகலெடுத்ததால் அந்த ஃபைல் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் இருப்பதுதான். ‘எல்எஸ் மைனஸ் எல்’ தட்டினால் உரிமையாளர் பெயர் தெரியும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ‘சிஎச்ஓன்’ (chown) போட்டு உங்கள் பெயருக்கு மாற்றினால் தீர்ந்தது. கணினியின் வேர் ஃபோல்டரில், உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து 777 ஓடிவிட்டால், சூடோ நிரலுக்கு இருக்கும் சிறப்பு அனுமதிக் குறியே கழன்றுவிடும். அப்புறம் சரிசெய்யச் சூடோவே வேலை செய்யாது.

கட்டளையை ஒட்டும்போது நேராக டெர்மினலில் ஒட்டாமல் டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். இணையப் பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் சேர்ந்து நகலாகலாம். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் இரண்டு சிறு கோடுகள் ஒரு நீளக் கோடாகவும், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகவும் மாறியிருக்கலாம், அது ஓடாது. ‘கர்ல்’ என்று தொடங்கி ‘சூடோ பாஷ்’ என்று முடியும் வரி, இணையத்திலிருந்து ஏதோ ஒன்றை இறக்கிப் படிக்காமலேயே முழு அதிகாரம் கொடுத்து ஓட்டுகிறது. இறக்கி வைத்து, ‘லெஸ்’ கட்டளையால் திறந்து படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கன்ட்ரோல் சி இங்கே நகலெடுக்காது, ஓடுவதை நிறுத்தும். நகலுக்கு ஷிப்ட்டும் சேர வேண்டும். கன்ட்ரோல் இசட் செய்ததைத் திருப்பாது. வேலையைப் பாதியில் உறைய வைக்கும், ‘எஃப்ஜி’ தட்டினால் தொடரும். திரை கல்லாக நின்றுவிட்டால் தெரியாமல் கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள். கன்ட்ரோல் கியூ அழுத்துங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில், நிரல்களைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்கிரேட்’ தொடங்காதீர்கள். இடையில் கரண்ட் போய்விட்டால், திரும்ப வந்ததும் ‘சூடோ டிபிகேஜி’ என்று தட்டி, இரண்டு கோட்டோடு ‘கான்ஃபிகர்’, பிறகு ‘மைனஸ் ஏ’ சேர்த்து (sudo dpkg --configure -a) ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து முடிக்கும். ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு கிடைக்கவில்லை என்று ஆப்ட் சொன்னால், பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். காத்திருங்கள். பூட்டு ஃபைலை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

தமிழ்ப் பெயர்கள்

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் ஒரு பெயரின் உச்ச அளவு 255 பைட். தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். எழுத்தோடு சேரும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறிகள். அதனால் ‘காரைக்குடி’ என்ற ஐந்து எழுத்தில் பத்துக் குறிகள், 30 பைட் ஆகிறது. நீளமான விவரங்களைப் பெயரில் அடைத்தால் நகல் பாதியில் நிற்கும். இன்னொன்று, ‘கோட்டையூர்’ என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எல்எஸ்ஸுக்கு வேறு வேறு பெயர். தட்டியது சரியாக இருந்தும் ‘இல்லை’ என்று வந்தால் டேப் சாவியால் நிரப்பிப் பாருங்கள். ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணில் தொடங்கும் பெயர் பட்டியலிலும் ஒழுங்காக நிற்கும்.

அழிந்துவிட்டால்

உடனே அந்த டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்துங்கள். பிரவுசரில் வழி தேடுவதுகூட அதே டிஸ்க்கில் எழுதும். தேடலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி என்றால் இன்னும் அவசரம். உபுண்டு வாரம் ஒருமுறை ‘ட்ரிம்’ ஓட்டும். காலி என்று குறித்த இடம் அதன்பின் உண்மையிலேயே காலியாகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்து, லைவ் பென்டிரைவில் (உள் டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) துவக்கி, ‘டெஸ்ட்டிஸ்க்’ தொகுப்பில் உள்ள ‘ஃபோட்டோரெக்’ நிரலை ஓட்டுங்கள். மீட்டவற்றைச் சேமிக்க வேறொரு டிஸ்க் கட்டாயம் வேண்டும். அதே டிஸ்க்கில் சேமித்தால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதுவீர்கள். கேமராவின் மெமரி கார்டில் இது நன்றாக வேலை செய்யும்.

ஃபோட்டோரெக் ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துத் தேடுவதால் பழைய பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. எண்ணிட்ட பெயர்களில் குவியலாக வரும். பேரேட்டின் எந்தப் பக்கம் எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டியிருக்கும்.