‘மைல்ஸ் டேவிஸ் ஊதிய அதே மாடல்’ என்று விளம்பரம் வந்தால்

போன மாதம் ஒரு தமிழ் அப்பா அழைத்தார். மகனுக்குப் பதினான்கு வயது, பள்ளி ஜாஸ் பேண்டில் இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது. “சார், ஆன்லைன்ல ஒரு மார்ட்டின் கமிட்டி டிரம்பெட் வந்திருக்கு. 1943ல செஞ்சதாம். மைல்ஸ் டேவிஸ் ஊதின அதே மாடல்னு போட்டிருக்கான். பையன் அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாங்கலாமா?”

நான் அமெரிக்காவில் பித்தளை ஊதுகருவிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். இதே கேள்வி வருடத்துக்கு நாலைந்து முறையாவது வரும். இப்போது தமிழ் வீடுகளிலிருந்தும் வருகிறது என்பதால் இதைத் தமிழில் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் பேருக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் நிறுவனம் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரில் இருந்தது. கான், புஷர் போன்ற பல பட்டறைகளும் அதே ஊரில்தான். பித்தளை வாத்தியத்துக்கு எல்கார்ட் என்றால் வெண்கலப் பாத்திரத்துக்குக் கும்பகோணம் மாதிரி. 1930களின் கடைசியில் மார்ட்டின் வெளியிட்ட ‘கமிட்டி’ டிரம்பெட்டை மைல்ஸ் டேவிஸ், செட் பேக்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, லீ மார்கன், ஆர்ட் ஃபார்மர் என்று அந்தத் தலைமுறை ஜாஸ் டிரம்பெட் கலைஞர்களில் பாதிப் பேர் கையில் எடுத்தார்கள். மைல்ஸ் வாழ்நாளில் பெரும்பகுதி கமிட்டிக்காரர்தான். 1980 வாக்கில் அவருக்கென்று தனியாகச் செய்த நிலா, நட்சத்திர வேலைப்பாடுள்ள நீலநிறக் கமிட்டி ஒன்று 2019ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,75,000 டாலருக்குப் போனது. அந்த ஏலச் செய்தியைப் பார்த்த பிறகு பரணில் கிடந்த கமிட்டியை இறக்கியவர்கள் நிறையப் பேர்.

சரி, நாதம் எப்படி? கமிட்டியை ஊதும்போது ஸ்வரத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். பளீரென்று முகத்தில் அடிக்காது. மெல்ல ஊதினால் மூச்சும் நாதமும் கலந்து, புகைமூட்டத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். பலமாக ஊதினால் சட்டென்று கரகரப்பேறும். எல்லாவற்றையும் விட முக்கியமான குணம் ஒன்று உண்டு. ஸ்வரம் அதன் இடத்தில் இறுக்கமாக உட்காராது. உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் கீழே வழியும், இறுக்கினால் மேலே ஏறும். மைல்ஸ் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அதன் வாலை லேசாகச் சரியவிடுவார், கேட்டிருப்பீர்கள். அதற்கு இந்தக் கருவி தடை சொல்லாது.

இதற்குக் காரணம் குழாயின் வடிவம். பி-ஃபிளாட் டிரம்பெட்டை நீட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளம். மவுத்பீஸ் செருகும் லீட்பைப் எவ்வளவு வேகத்தில் அகலமாகிறது, பெல் என்கிற முன்பக்க அகன்ற வாய் எந்த இடத்தில் விரியத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து, உள்ளே இருக்கும் காற்று சில அதிர்வெண்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி கூர்மையாக இருந்தால் சுருதி டக்கென்று பூட்டிக்கொள்ளும். அகலமாக இருந்தால் நழுவும். கமிட்டி நழுவுகிற ஜாதி. கட்டுமானமும் எடை குறைவு. பித்தளையா, செம்பு கூடுதலா, வெள்ளியா என்று இரவெல்லாம் விவாதிப்பவர்கள் உண்டு. உலோகத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரை மில்லிமீட்டர் வடிவ மாற்றம் செய்கிற வேலையை உலோகம் செய்து நான் கேட்டதில்லை.

மற்றவற்றையும் ஒரு ஓட்டம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘பழைய ஜாஸ் சத்தம்’ என்று ஒன்றே ஒன்று கிடையாது. லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டின் குட்டையான உறவுக்காரனான கார்னெட்டில் தொடங்கி டிரம்பெட்டுக்கு வந்தவர், 1930களிலிருந்து பிரெஞ்சு செல்மர் நிறுவனத்தின் டிரம்பெட்டுகளை ஊதினார். அந்த நாதம் கமிட்டிக்கு நேர் எதிர்: திறந்த, வெயில் மாதிரியான பிரகாசம். கருவி செய்பவரான வின்சென்ட் பாக் தன் ஸ்ட்ராடிவேரியஸ் மாடலுக்கு முன்மாதிரியாகக் கொண்டது பிரெஞ்சு பெஸ்ஸன் கருவிகளை. நடுவில் கெட்டியான மணி போன்ற சத்தம், சுருதியும் நன்றாகப் பூட்டும். ஜாஸ் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக் 1927ல் வாங்கியது பாக் கார்னெட்தான். 1953லிருந்து சுமார் பத்து வருடம் பாக்கின் பட்டறை நியூயார்க்கின் மவுண்ட் வெர்னனில் இருந்தது. இன்று அந்த ஊர்ப் பேர் பெல்லில் பொறித்திருந்தாலே விலை ஏறிவிடும். கான் நிறுவனத்தின் காப்ரியன் வகையில் பெல்லை அச்சின் மேல் மின்முலாம் முறையில் செம்பைப் படியவைத்தே வளர்ப்பார்கள், ஒட்டே இருக்காது. கலிபோர்னியாவின் ஓல்ட்ஸ் அம்பாசடர் மாணவர்களுக்காகச் செய்தது. ஆனாலும் தொழில்முறைக் கலைஞர்கள் வெட்கப்படாமல் எடுத்து ஊதுவார்கள். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

டிஸ்ஸியின் வளைந்த டிரம்பெட்டைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 1953 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்னூக்கீஸ் விடுதியில் அவர் மனைவியின் பிறந்தநாள் விருந்து. வந்திருந்த நகைச்சுவை நடனக் கலைஞர்கள் ஸ்டாண்டில் இருந்த டிரம்பெட் மேல் விழுந்தார்கள், பெல் மேல்நோக்கி மடங்கிவிட்டது. ஊதிப் பார்த்தவருக்குத் தன் சத்தம் தன் காதுக்கே தெளிவாகக் கேட்டது பிடித்துப்போய், அதன் பிறகு அப்படியே செய்து வாங்கிக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்லி, மடங்கிப்போன பெல்லோடு வந்து “இதுக்கும் ஒரு கேரக்டர் இருக்குமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்காது. அது ஒடுக்கு.

இப்போது என் தொழில் பக்கம் வருகிறேன். பழைய கருவிகளில் மக்கள் ‘விண்டேஜ் நாதம்’ என்று உருகுவதில் ஒரு பங்கு வெறும் காற்றுக் கசிவு. சில வருடங்களுக்கு முன் ஒருவர் 1950களின் டிரம்பெட் ஒன்றைக் கொண்டுவந்தார். “டார்க்கா, ஸ்மோக்கியா இருக்கும், ஆனா மேல் ஸ்வரம் ஏற மாட்டேங்குது” என்றார். விரலால் அழுத்துகிற வால்வுகளைச் சோதித்தேன். வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவே தேய்மானம் அதிகம், பல்லிடுக்கில் போகிற மாதிரி காற்று போய்க்கொண்டிருந்தது. பிஸ்டன்களுக்கு நிக்கல் முலாம் ஏற்றி, உறையைச் சமன்படுத்திப் பொருத்திக் கொடுத்தேன். மேல் ஸ்வரங்கள் சுலபமாக ஏறின. இரண்டு வாரம் கழித்து வாடிய முகத்தோடு வந்து, “பழைய சத்தம் போயிடுச்சே” என்றார். அவர் காதலித்தது கசிவை. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அந்த மட்டும் நல்லவர்.

வாங்குமுன் கசிவைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வால்வை அழுத்தாமல், அந்த வால்வுக்குரிய ஸ்லைடை, அதாவது கழற்றக்கூடிய வளைகுழாயை, வேகமாக உருவுங்கள். ‘பொப்’ என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது, வால்வு நன்றாக அடைக்கிறது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கசிகிறது. விற்பவர்கள் செய்யும் தந்திரம் ஒன்றும் தெரிந்திருக்கட்டும்: கெட்டியான எண்ணெய் விட்டால் தேய்ந்த வால்வும் அரை மணி நேரத்துக்கு நல்ல பிள்ளையாக நடிக்கும். பிஸ்டனைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட்டுச் சோதியுங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது லீட்பைப். எச்சிலும் ஈரமும் வருடக்கணக்கில் உள்ளேயே தங்கினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் பஞ்சு போல நிற்கும். நாங்கள் ‘ரெட் ராட்’ என்போம். வெளியே தெரியும்போது ரோஸ் நிறத்தில் வட்டப்புள்ளி, நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. வெளியே ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே பத்து இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அரிப்பு உள்ளிருந்துதான் வருகிறது. புதிய லீட்பைப் போடலாம், நானே நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் கமிட்டியைக் கமிட்டியாக்குவதில் லீட்பைப்புக்குப் பெரிய பங்கு. வேறு அளவுக் குழாய் போட்டால் பேர் மட்டும்தான் கமிட்டி.

பாலிஷ் இன்னொரு பெரிய வில்லன். எழுபது வருடத்துக் கருவி புதுப்பாத்திரம் மாதிரி மின்னினால் எனக்குச் சந்தோஷம் வராது. பெல்லில் இருக்கும் எழுத்து வேலைப்பாட்டை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கூர்மையாகத் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று மழுங்கியிருந்தால் யாரோ சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துப் புது லாக்கர் பூச்சு அடித்திருக்கிறார்கள், சுவரின் கனமும் அதோடு போயிருக்கும்.

மவுத்பீஸும் சாதாரண விஷயமில்லை. சீவாளியை மாற்றினால் நாகஸ்வரம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். மைல்ஸ் விரும்பியது ஹைம் என்ற ஆழமான கிண்ணம் உள்ள மவுத்பீஸ். அதோடு, சத்தத்தை அடக்க பெல்லில் செருகும் ஹார்மன் மியூட்டின் நடுத்தண்டைக் கழற்றிவிட்டு மைக்கை ஒட்டி ஊதினார். கமிட்டியில் பளிச்சென்ற ஆழமில்லாத மவுத்பீஸைச் செருகி ஊதிவிட்டு “ஏமாத்திட்டாங்க” என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கருவி எதை வாங்கினாலும் உள்ளே சுத்தம் செய்யாமல் வாயில் வைக்காதீர்கள், குழந்தைகளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பல வருடமாக ஓயாத இருமலோடு இருந்த ஒரு டிரம்போன் கலைஞருக்கு, அவர் கருவிக்குள் வளர்ந்த பூஞ்சையும் கிருமிகளும்தான் காரணம் என்று 2010ல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கருவியைச் சுத்தம் செய்ததும் இருமல் நின்றது. வீட்டிலேயே வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, வளையும் பிரஷ் போதும். கொதிநீர் வேண்டாம், லாக்கர் உரியும்.

அந்த அப்பாவின் 1943க்கு வருவோம். அந்த வருடத்தைக் கேட்டதுமே என் புருவம் உயர்ந்தது. 1942ல் அமெரிக்க அரசு போர்த் தேவைக்காக உலோகத்தை ஒதுக்கி, இசைக்கருவி உற்பத்தியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அதனால் போர்க்கால வருடம் போட்டு வரும் கருவி என்றால், வால்வு உறையில் இருக்கும் சீரியல் எண்ணைப் பார்க்காமல் நான் பேசுவதில்லை. அது மட்டுமில்லை, மார்ட்டின் நிறுவனம் 1960களிலும் அதன் பிறகும் கைமாறிக்கொண்டே போனது. பேர் தொடர்ந்தது, ஆனால் எல்லாக் கமிட்டியும் ஒரே கருவி இல்லை. சீரியல் எண்ணின் படத்தையும், பிஸ்டன்களில் இருக்கும் எண்கள் தெரிகிற படத்தையும் கேட்கச் சொன்னேன். விற்றவர் பெல்லை இன்னும் நாலு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினார். எண்கள் வரவே இல்லை.

பையனைப் பட்டறைக்கு அழைத்து வரச் சொன்னேன். சனிக்கிழமை காலை வந்தார்கள். என்னிடம் ஒரு கமிட்டி இருக்கிறது, விற்பனைக்கு இல்லை, வால்வுகள் இறுக்கமானவை. அதைக் கையில் கொடுத்தேன். பையன் ஒரு ஸ்கேல் ஏறினான். நாலாவது ஸ்வரத்திலேயே சுருதி கீழே போனது. கருவியைத் திருப்பிப் பார்த்தான், மறுபடி ஊதினான், இந்த முறை ஏறிப்போனது.

“இது நழுவுது, அங்கிள்.”

“அதுதான் அதோட குணம். அதைப் பிடிச்சு நிறுத்துறது உன் காதும் உதடும்தான்.”

அடுத்து 1950களின் ஓல்ட்ஸ் அம்பாசடர் ஒன்றைக் கொடுத்தேன். பெல்லில் ஒரு சின்ன ஒடுக்கு, லாக்கர் பாதி போனது, ஆனால் வால்வுகளில் கசிவே இல்லை. விலை கமிட்டியில் சிறு பங்குதான். அதில் அவன் ஸ்கேல் நேராக ஏறி நேராக இறங்கியது. அப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பையன் முகத்தில் இல்லை. அம்பாசடரைப் பெட்டியில் வைத்துவிட்டு, “இன்னொரு தடவை அதை ஊதிக்கட்டுமா?” என்று கமிட்டியை எடுத்தான். நான் அம்பாசடரின் வால்வுகளில் இருக்கும் மெத்தை வளையங்களை மாற்ற உட்கார்ந்தேன். அந்த வேலைக்குப் பதினைந்து நிமிடம் போதும், அன்றைக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.