பர்சரி என்பது உதவித்தொகை அன்று

"ஈட்டன் பொதுப்பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படித்த ஏழைச் சிறுவன்." இப்படி ஒரு வரியை மொழிபெயர்ப்புகளில் இன்னும் எத்தனை முறை படிப்பது? ஒரே வரியில் இரண்டு பிழைகள். ஈட்டன் பொதுப்பள்ளி அன்று. பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் பெரும்பாலும் அதுதான் பொருள். அதை விடுகிறேன். என் வழக்கு 'உதவித்தொகை'யோடு.

மூலச்சொல் பர்சரி. கிரேக்கத்தில் 'பிர்சா' என்றால் உரித்த தோல். இலத்தீனில் 'புர்சா' பணப்பை. நாம் வைத்திருக்கும் பர்ஸும் இதன் உறவே. பணப்பையைக் காக்கும் பொருளாளர் பர்சர். அவர் பொறுப்பிலுள்ள நிதியிலிருந்து வருவது பர்சரி.

இன்று அந்தப் பள்ளிகளில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஸ்காலர்ஷிப் திறமைக்கு: தேர்வு, இசை, விளையாட்டு. பர்சரி, குடும்பத்தின் வருவாயைப் பார்த்து. ஸ்காலர்ஷிப் வென்றாலும் பல பள்ளிகளில் கட்டணத்தில் சிறு பங்குதான் குறையும். மீதியைச் சுமக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குக் கதவைத் திறப்பது பர்சரி. சில பள்ளிகளில் அது முழுக் கட்டணத்தையும், சீருடைச் செலவையும்கூடச் சுமக்கும். நாம் இரண்டையும் 'உதவித்தொகை' என்றே எழுதினால், ஸ்காலர்ஷிப் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று ஒரு தாய் நம்பிவிடுவாள். பர்சரிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அவளுக்கு யார் சொல்வது? அதோடு, 'தொகை' என்றால் கைக்கு வரும் பணம். பர்சரி பெரும்பாலும் கைக்கு வருவதில்லை; கட்டண ரசீதில் கழிந்துவிடும்.

'கட்டணச் சலுகை' என்கிறார்கள் சிலர். சலுகை ஜவுளிக்கடைச் சொல்; தகுதி பார்த்துத் தருவதை இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததுபோல் காட்டுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் 'கிழி' என்பார்கள்: புர்சாவும் பை, கிழியும் பை. கேட்க இனிமைதான், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் தருமிக்குக் கிடைத்த பொற்கிழி பாட்டுக்காகத் தரப்பட்டது, அவன் வறுமைக்காக அன்று. கிழி என்றால் நமக்குப் புலமையின் பரிசு, அதாவது ஸ்காலர்ஷிப். வேர் ஒத்துப்போனதற்காகப் பொருளைப் பலிகொடுக்க முடியாது.

ஸ்காலர்ஷிப்புக்கு ஈழத்தார் 'புலமைப்பரிசில்' என்கிறார்கள். அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதை நாமும் எடுத்துக்கொள்வதில் என்ன தயக்கம்? பர்சரிக்கு நான் எழுதுவது 'கட்டண ஏற்பு'. கட்டணம் மறைந்துவிடவில்லை; அதை வேறொருவர் ஏற்கிறார். அதனால்தான் 'கட்டண விலக்கு' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஏற்பவர் பள்ளியாகவோ அறக்கட்டளையாகவோ இருக்கலாம். 1980-இல் கொண்டுவந்து 1997-இல் முடிவுகட்டிய திட்டத்தில் பிரிட்டன் அரசே ஏற்றது.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு நகரும் வழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களை விடவில்லை. ஆறாம் ஹென்றி 1440-இல் ஈட்டனை நிறுவியபோது எழுபது ஏழை மாணவர்கள் அங்கே இலவசமாகப் படிக்க ஏற்பாடு செய்தார். அந்த மாணவர்களைப் பற்றி எழுதும்போதும் 'உதவித்தொகை' என்றே வருகிறது. அவர்களுக்குத் தரப்பட்டது படிப்பும் உணவும் உறைவிடமும்.