ஆட்டம் முடிந்த பிறகு காணொளி எங்கே இருக்கும்?

சிறு அணிகளின் போட்டிகளை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பித் தருவது என் தொழில். போட்டி நடத்துபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "யூடியூபை விட்டால் வேறு எந்தத் தளம் இலவசம்?" என்பதுதான். பெரும்பாலும் ஒரு கசப்புக்குப் பிறகே இந்தக் கேள்வி எழுகிறது. இடைவேளையில் மைதான ஒலிபெருக்கியில் யாரோ பிரபலமான பாட்டு ஒன்றைப் போட்டிருப்பார்கள். மைக் அதையும் பிடித்திருக்கும். பதிப்புரிமை எச்சரிக்கை வந்து நேரலை நடுவிலேயே நின்றிருக்கும்.

இதற்காகத் தளம் மாறுவது வீண். பதிப்புரிமை எங்கே போனாலும் பின்னாலேயே வரும். ஒலிபெருக்கிக்காரரிடம் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுவது என் வழக்கம். வர்ணனையாளரின் மைக்கை ஒலிகளைக் கலக்கும் கருவியில் தனியாகக் கொடுத்துவிட்டு, மைதான ஓசைக்கான மைக்கை இடைவேளையில் அடியோடு இறக்கிவிடுவேன். பாட்டு மைதானத்தில் ஒலிக்கட்டும், காணொளிக்குள் வர வேண்டாம்.

தளத்தை மாற்ற வேறு நியாயமான காரணங்கள் உண்டு. கைபேசியிலிருந்து யூடியூபில் நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். நேரலை வசதியை முதன்முறை இயக்கினால் 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம். போட்டியன்று காலையில் சேனல் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபேஸ்புக்கில் கணக்குக்கு 60 நாள் வயதும் 100 பேர் பின்தொடர்வதும் தேவை. அதைவிட முக்கியமானது, 2025 பிப்ரவரிக்குப் பிறகு அங்கே நேரலைப் பதிவுகள் 30 நாளில் அழிக்கப்படுகின்றன. அன்றைய ஆட்டத்தை அன்றே பார்த்தால் போதும் என்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. பருவம் முடிந்ததும் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாளருக்கு இது பெரிய இழப்பு.

ஆகவே விலையைக் கேட்கும் முன், யார் பார்க்கப்போகிறார்கள், எத்தனை நாள் பார்க்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

சிறுவர் போட்டி என்றால் நான் விமியோ என்ற காணொளித் தளத்தின் பக்கம் சாய்வேன். நேரலைக்குக் கட்டணம் உண்டு. ஆனால் விளம்பரம் குறுக்கிடாது, கடவுச்சொல் போட்டு அணியின் குடும்பங்களுக்கு மட்டும் காட்டலாம். யூடியூபில் பட்டியலிடாமல் (அன்லிஸ்டட்) வைத்த காணொளியை, இணைப்பு கிடைத்த எவரும் பார்த்துவிடலாம். அதைப் பூட்டு என்று நம்பக்கூடாது. எந்தத் தளமாக இருந்தாலும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள், அரட்டைப் பெட்டியை மூடிவிடுங்கள், பிள்ளைகளின் முழுப் பெயரைத் திரையில் ஓடவிடாதீர்கள். அணியிலேயே கைபேசியில் கெட்டிக்காரனான ஒரு பையனிடம் சேனலை ஒப்படைக்கும் பழக்கமும் வேண்டாம். தனியாக நேரலை செய்வதற்கான குறைந்தபட்ச வயதை யூடியூப் 2025 ஜூலையில் 16 ஆக உயர்த்திவிட்டது.

"நம் சொந்தத் தளத்திலேயே காட்டலாமே" என்று ஆர்வத்தோடு வருபவர்களும் உண்டு. அவர்களிடம் பீர்டியூப் பற்றிச் சொல்வேன். ஃப்ராமாசாஃப்ட் என்ற பிரெஞ்சு அமைப்பு உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து நேரலையும் செய்யலாம். ஆனால் காணொளியை அனுப்பும் சுமை உங்கள் சர்வருடையது. அந்தக் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு பார்வையாளருக்கு மணிக்கு சுமார் 1.35 ஜிபி செலவாகும். நூறு பேர் ஒன்றரை மணி நேரம் பார்த்தால் 200 ஜிபியைத் தாண்டும். பீர்டியூபில் பார்வையாளர்களே காணொளித் துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால் சர்வரின் சுமை குறைகிறது. ஆனால் அப்படிப் பகிரும்போது ஒருவரின் ஐபி முகவரி, அதாவது அவரது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், மற்றவருக்குத் தெரியும். அது உறுத்தினால் பகிர்வை நிறுத்திவைக்கலாம். அப்போது முழுச் சுமையும் உங்கள் சர்வர் தலையில். பராமரிக்க ஆள் இல்லாத கிளப்புக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

ட்விட்ச் என்ற நேரலைத் தளமும் விளையாட்டுக்கு நல்ல இடம்தான், ஆனால் அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் தேடுவது கணினி விளையாட்டை. பழைய நேரலைகளும் அங்கே நெடுநாள் தங்குவதில்லை.

நேரலைத் தளங்களுக்கும் ஆயுள் உண்டு. ஜஸ்டின்.டிவி 2014இல் மூடப்பட்டது, மைக்ரோசாஃப்டின் மிக்சர் 2020இல், பெரிஸ்கோப் 2021இல். இவற்றையே நம்பியிருந்தவர்கள் இணைப்பையும் பார்வையாளர்களையும் ஒருசேர இழந்தார்கள். அதனால் நேரலை ஓடும்போதே கேமராவின் மெமரி கார்டிலும் பதிவு செய்கிறேன். இணையம் அறுந்தாலும் அந்தப் பதிவு அறுவதில்லை. தரமும் நேரலையைவிட மேல். சுவரொட்டியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தளத்தின் முகவரியைப் போடாமல் கிளப்பின் சொந்தப் பக்கத்தின் முகவரியைப் போடச் சொல்வேன். காணொளியை அந்தப் பக்கத்தில் பதித்துவிட்டால், அடுத்த ஆண்டு தளம் மாறினாலும் பார்வையாளர்களுக்கு அதே முகவரிதான்.

ஒப்பந்தம் போடும் முன் லீக் நிர்வாகத்திடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒளிபரப்பு உரிமையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருந்தால் எந்தத் தளத்திலும் உங்களுக்கு இடமில்லை. கொடுக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.