வண்டி நசுங்கட்டும், முட்டை உடையக்கூடாது

போன வாரம் என் வகுப்புப் பையன் ஒருவன் முன்பல் இரண்டும் போய், உதட்டில் தையலோடு வந்தான். புளியரை இறக்கத்தில் அவன் அப்பா ஓட்டிய கார் தடுப்புச் சுவரில் மோதியிருக்கிறது, பையன் பெல்ட் போடவில்லை. அப்பா என்னிடம் சொன்னது இது: "முன்னாடி பம்பருக்கு இரும்புக் கம்பி கார்டு போட்டிருந்தேன் டீச்சர், வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல." செங்கோட்டைப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்ப வர்றதெல்லாம் அப்பளம்" என்கிறார்கள். நொறுங்குவதற்காகவே செய்திருக்கிறார்கள், அண்ணாச்சி! ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் எங்காவது செலவாகியே தீர வேண்டும். முன்பக்கத் தகடு மடங்குவதில் செலவானால் உங்களுக்கு நல்லது. தகடு மடங்காவிட்டால் மிச்சம் உங்கள் மார்பிலும் மண்டையிலும்தான் இறங்கும். முன்னும் பின்னும் மடங்கவேண்டும், ஆள் உட்காரும் கூண்டு மட்டும் மடங்கக்கூடாது என்ற இந்த யோசனையோடு மெர்சிடிஸ் பென்ஸ் 1959-லேயே கார் விற்க ஆரம்பித்துவிட்டது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு 1959 ஷெவர்லே பெல் ஏரையும் புது ஷெவர்லே மாலிபுவையும் உள்ளே ஆள் அளவு சோதனைப் பொம்மைகளை உட்காரவைத்து, தலா மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். பழைய காரில் ஓட்டுநர் கூண்டே குலைந்து போனது, அங்கே பொம்மைக்குப் பதில் ஆள் இருந்திருந்தால் பிழைப்பது கடினம். புதுக் காரின் பொம்மைக்குக் காலில்தான் சிறு அடி.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், கணத்தாக்கு (விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் வருவது) என்றால் கேள்வி வருவதற்கு முன்பே பதிலை ஒப்பிப்பார்கள், சாயங்காலம் அதே அப்பா வண்டியில் பெல்ட் இல்லாமல் போவார்கள். அதனால்தான் வண்டி செய்யும் போட்டி வைக்கிறேன். அட்டை, ஸ்ட்ரா, சார்ட் பேப்பர், பசை, எது வேண்டுமானாலும் சரி. நீளத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு, பயணி ஒரு பச்சை முட்டை, அதைப் பஞ்சில் சுற்றக்கூடாது, இருக்கையில் உட்காரவைத்து நாடாவால் கட்டவேண்டும். ஒரு மீட்டர் உயரச் சரிவிலிருந்து விட்டால் கீழே சுவரில் மோதும்போது மணிக்கு 16 கி.மீ. வேகம்கூட இருக்காது. தகரத்திலும் பிவிசி குழாயிலும் கெட்டியாகச் செய்த வண்டிகள் அப்படியே நிற்கும், முட்டை உடைந்திருக்கும். மூக்கில் சார்ட் பேப்பரை மடித்து மடித்து ஒட்டிய வண்டி பார்க்கவே பாவமாக நசுங்கிக் கிடக்கும், உள்ளே முட்டை முழுசாக இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைகளின் முகத்தில் தெரிவதை நான் கரும்பலகையில் எழுதிக் கொண்டுவர முடியாது.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று: பேனா ஸ்பிரிங்கை முன்னால் வைத்துக்கொண்டு வரும் குழு கட்டாயம் இருக்கும். தடுக்காதீர்கள். வண்டி எகிறித் திரும்பும்போது உந்த (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) மாற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், மோதி எகிறித் திரும்பும் மீட்சி மோதலுக்கு வேறு பாடம் தேவைப்படாது.

அப்புறம் கணக்கு. 60 கிலோ ஆள், மணிக்கு 54 கி.மீ. வேகம், இயக்க ஆற்றல் 6750 ஜூல். பெல்ட்டும் மடங்கும் முன்பக்கமும் சேர்ந்து அவரை 60 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் சராசரி விசை ஒரு டன் எடைக்குக் கொஞ்சம் மேலே. பெல்ட் இல்லாமல் டேஷ்போர்டில் 5 செ.மீ.-யில் நின்றால் 13 டன்னுக்கு மேல். வேகம் அதேதான், நிற்கும் தூரம் மட்டும்தான் வேறு.

அந்த இரும்பு கார்டைக் கழற்றிவிடுங்கள். அது மோதலை நேராக வண்டியின் சட்டகத்துக்குக் கடத்துகிறது, ஏர்பேக் விரியவேண்டிய நேரத்தையும் குழப்பலாம், குறுக்கே வந்த ஆளின் தொடையெலும்பையும் முறிக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. கேரளப் பக்கம் ஆரியங்காவு தாண்டினால் செக்கிங் இருக்கும் என்று அங்கே மட்டும் பெல்ட் மாட்டுகிறவர்களே, ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயப்படும் அளவுக்காவது சுவருக்கும் பயப்படுங்கள். பின் சீட்டில் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும் பெல்ட்டை இன்றைக்கே வெளியே எடுங்கள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் அம்மாக்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். மேலே சொன்ன அதே வேகத்தில், அதே 60 செ.மீ. தூரத்துக்குள், 10 கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த கிட்டத்தட்ட 190 கிலோ தூக்கும் பலம் வேண்டும், அதுவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். யார் கையிலும் அது இல்லை. குழந்தைக்கான தனி இருக்கை வாங்குங்கள், பின் சீட்டில் கட்டுங்கள், அது அழுதாலும் இறக்காதீர்கள்.