சாயம் வெளுத்தால் போதுமா?

திருப்பூர் வாசகர் ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார். கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைப் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. “இவ்வளவு சுலபம் என்றால், எங்கள் ஊர் சாயப்பட்டறைகள் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று கரண்ட் பில் கட்டியே ஏன் மாய வேண்டும்?” என்பது அவர் கேள்வி. (ஆர்.ஓ. என்பது கழிவுநீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிப்பது; எவாப்பரேட்டர் அதைச் சூடாக்கி ஆவியாக்குவது.)

சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு, அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு எல்லாம் தெரிந்த கதை. நேரே பொடிக்கு வருவோம்.

அது டைட்டானியம் டை ஆக்சைடு. பற்பசையிலும் வெள்ளைப் பெயின்ட்டிலும் இருப்பதுதான். பல வருடம் வெயில் தின்ற, வெள்ளைப் பெயின்ட் அடித்த வாசல் கேட்டைத் தடவினால் கையில் மாவு மாதிரி ஒட்டும், பார்த்திருப்பீர்கள் (சுண்ணாம்புச் சுவரைச் சொல்லவில்லை). வெயிலை வாங்கிக்கொண்டு, தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே அந்தப் பொடி அரித்துவிடுகிறது. குவளையிலும் அதே அரிப்புதான் நடக்கிறது.

எப்படி? படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் கீழ்ப்பட்டை என்ற ஆற்றல் மட்டத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. மேல்பட்டைக்குத் தாவ 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதைக் கொடுக்க புற ஊதா ஒளியால்தான் முடியும். வெயிலில் அது சுமார் 5 சதவீதமே. சரி, ஒன்று தாவிவிட்டது என்று வையுங்கள். அது எழுந்து போன காலி இடத்துக்கு ‘துளை’ என்று பெயர். வெறும் காலி இடம்தான், ஆனால் பசி பொல்லாத பசி. பக்கத்தில் உள்ள தண்ணீர் மூலக்கூறிடமிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. பறிகொடுத்த தண்ணீர், ஹைட்ராக்சில் தனி உறுப்பாக (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் துண்டாக) மாறி, எதிர்ப்படும் கரிமப் பொருளையெல்லாம் கடித்துக் குதறுகிறது. குளோரினைவிடப் பல மடங்கு மூர்க்கம். இல்லாத ஒன்று இத்தனை வேலை செய்கிறதே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. டோக்கியோவில் மாணவராக இருந்த ஃபுஜிஷிமா, 1967-ல் இந்தப் படிகத்தின் மேல் ஒளி பட்டதும் தண்ணீரில் குமிழி கிளம்புவதைப் பார்த்தார். 1972-ல் அவரும் அவருடைய ஆய்வு வழிகாட்டி ஹோண்டாவும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது.

ஆனால் தாவிய எலக்ட்ரான் பெரும்பாலும் நொடியின் சிறு துளிக்குள் அதே துளையில் வந்து விழுந்துவிடும். வாங்கிய ஒளி வெறும் சூடாகப் போகும்.

இன்னொரு சிக்கல் நம் கண்ணில் இருக்கிறது. துணிச்சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்த பாலம்தான் நிறத்துக்குக் காரணம். பாலம் உடைந்ததும் நிறம் போய்விடும்; இருபக்கமும் இருந்த வளையங்கள் போய்விடாது. அரோமாட்டிக் அமீன்களாகத் தண்ணீரிலேயே கிடக்கலாம். அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. அவை கார்பன் டை ஆக்சைடு ஆகும்வரை விடாமல் ஒளி காட்ட வேண்டும்.

வீடியோவில் இருப்பது அநேகமாக மெத்திலீன் நீலம். அது கொஞ்சம் கள்ளச் சாட்சி. தானே கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியை வாங்கி, பொடிக்குள் எலக்ட்ரானைத் தள்ளிவிட்டுத் தானாகவே வெளுக்கும். பாராட்டு பொடிக்குப் போகும். காய்ச்சி வடித்த தண்ணீரில் இந்த ஒரே நீலத்தைக் கரைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கு இன்னும் நிதி கொடுப்பது வீண் என்பது என் கட்சி. பட்டறைத் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து காட்டட்டும், அப்புறம் பணம் தரலாம்.

ஏனென்றால் அந்தக் குடத்தில் உப்பு இருக்கிறது. பருத்தியில் சாயம் ஏற லிட்டருக்கு 40, 60 கிராம் என்று கொட்டுவார்கள். குளோரைடு அயனிகள் குறுக்கே புகுந்து தனி உறுப்புகளைத் தின்றுவிடும். அடர்ந்த நிறம் ஒளியை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடும். கடைசியில் பொடியை வேறு வடிகட்டி எடுக்க வேண்டும்.

வாசகர் கேள்விக்கு விடையும் அந்த உப்புதான். ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் அங்கே நிற்பது முக்கியமாக உப்பைப் பிரிப்பதற்கு. எவ்வளவு வெயில் அடித்தாலும் எந்தப் பொடியாலும் உப்பை உடைக்க முடியாது. கழிவை நுண்ணுயிர்கள் தின்னும் தொட்டியைத் தாண்டியும் மிஞ்சி வரும் லேசான நிறத்தை, ஆர்.ஓ. சவ்வுக்குப் போகும் முன் எரித்துத் தருவதென்றால், அந்த இடத்தில் இந்த வெள்ளைப் பொடிக்கு வேலை உண்டு.